போரைக் கண்டவர்கள் உங்களிடம் என்ன சொன்னார்கள்?

வில்லாபுரத்துக்காரன்:

போன வாரம் கீழவாசல் பக்கம் டீ குடிக்கப் போன இடத்தில் காஸா பற்றிப் பேச்சு ஓடியது. "சண்டைன்னு வந்துட்டா நாலு பேர் சாகத்தான் செய்வான்" என்றார் ஒருவர். "எந்தச் சண்டையா இருந்தாலும் பாவம்தான்" என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கடைக்காரர் டிவியை அணைத்துவிட்டார்.

எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. இரண்டு பேரும் போரை டிவியில் தவிரப் பார்த்ததில்லை, நானும்தான். ஆனால் நம் மதுரையைச் சுற்றிப் போரிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி இலங்கை அகதிகள் முகாம்களில் இருக்கிறார்கள். உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் தெருவுக்குத் தெரு பட்டாளத்துக்காரர் வீடு உண்டு. மேலூர், சிவகங்கைப் பக்கம் மலேயா, பர்மா போய்த் திரும்பிய குடும்பங்கள் உண்டு. அவர்கள் வாயால் நீங்கள் கேட்டதை இங்கே எழுதுங்கள். யூடியூப்பில் பார்த்தது வேண்டாம். யார் பெயரும் வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். எங்கள் வீட்டுக்கு பெயின்ட் அடிக்க வந்தவர் ஆனையூர் முகாமைச் சேர்ந்தவர். (இங்கே பெயின்டிங்குக்கு ஆள் தேடினால் பெரும்பாலும் முகாம் ஆள்தான் கிடைப்பார், வேலை சுத்தமாக இருக்கும்.) 1990 இல் மன்னாரிலிருந்து படகேறி வந்தபோது பையன். அக்கா மட்டும் கல்யாணமாகி வன்னியில் தங்கிவிட்டார். மதியம் சாரத்திலிருந்து இறங்கிச் சாப்பிடும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார்.

2002 இல் சண்டை நிறுத்தம் வந்தபோது ஊருக்குப் போகிற ஒருவரிடம் அக்காவுக்கு இரண்டு சுங்குடிச் சேலை கொடுத்தனுப்பியிருக்கிறார். புதுமண்டபத்துக் கடையில் வாங்கியது, ஒன்று அரக்கு, ஒன்று பச்சை. 2009க்கு அப்புறம் அக்கா தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்து முதல் முறை போனில் பேசியபோது, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "அந்தச் சேலை இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். பங்கருக்கு மண்மூட்டை தைத்துவிட்டதாக அக்கா சொன்னாராம். சாக்குப்பை கிடைக்காமல் போனதும் வன்னியில் எல்லாரும் சேலையைத்தான் வெட்டித் தைத்தார்களாம். முள்ளிவாய்க்கால் பக்கம் கடற்கரை மணல். குழி தோண்டத் தோண்டச் சரியும். சேலைப் பைதான் சுவர். பருத்திச் சேலை என்றால் மண் சிந்தாமல் நிற்கும், நைலக்ஸ் வழுக்கிக்கொண்டு போகும் என்றுகூட அக்கா சொன்னதாகச் சொன்னார்.

அக்கா மகனை இயக்கம், அதாவது புலிகள், பிடித்துக்கொண்டு போனது. வீட்டுக்கு ஒருவர் என்று கணக்கு. தண்ணீர்ப் பீப்பாய்க்குள் ஒளித்து வைத்தும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை. அக்கா வீட்டுக்காரர், அரசாங்கமே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்தில் கஞ்சி வாங்க நின்றபோது ஷெல் விழுந்து செத்துப்போனார். இரண்டும் ஒரே குடும்பத்தில், ஒரே மாசிப் பங்குனிக்குள்.

"அண்ணே, ஆயுதம் எடுத்ததே தப்புன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டேன். தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "தம்பி, எண்பத்தி மூண்டில கொழும்பில எங்கட ஆக்களை உயிரோட கொளுத்தினவங்கள். அதைப் பார்த்த பெடியன் துவக்கு எடுத்தா, எடுக்காதை எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா என்ர மருமகனைப் பிடிச்சுக்கொண்டு போனதுக்கு எண்பத்தி மூண்டு பதில் இல்லை. ஷெல் அடிச்சவனுக்கும் அதுதான். புலியை முடிக்கிறதெண்டா, கஞ்சிக்கு நிண்ட என்ர அத்தான் என்ன செய்தவர்?"

ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் கொடுத்த அறிக்கையைப் பிறகு தேடிப் படித்தேன். கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்கிறது. ராணுவம் பாதுகாப்பு வலயத்துக்குள்ளும் ஆஸ்பத்திரிகள் மேலும் ஷெல் அடித்ததையும், புலிகள் சனத்தை வெளியேற விடாமல் தடுத்து, தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் இரண்டையுமே சொல்கிறது. பெயின்டர் அண்ணன் அந்த அறிக்கையைப் படித்தவர் அல்ல.

பேரையூர் சிப்பாய்:

தம்பி, நான் இலங்கைக்கு இந்திய அமைதிப்படையில் போனவன். 1987. எங்கள் கம்பெனியில் தமிழ் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் வீடு சோதனை என்றால் என்னைத்தான் முன்னால் விடுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் ஒரு கிழவி மட்டும் இருந்தாள். நான் தமிழில் பேசியதும், "தம்பி எந்த ஊர்?" என்றாள். மதுரை என்றேன். "மீனாட்சி அம்மனைப் பார்க்கோணும் எண்டு எவ்வளவு ஆசை" என்று சொல்லிவிட்டு, "நீங்கள் எங்களைக் காப்பாத்த வந்தனீங்களா, அடிக்க வந்தனீங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. விலாசம் விசாரிப்பவள் மாதிரி கேட்டாள். பின்னால் நின்ற ஹவில்தார் என்ன சொல்கிறாள் என்று இந்தியில் கேட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறாள் என்றேன்.

எது சரியான போர் என்று சிப்பாயிடம் கேட்டு யாரும் அனுப்புவதில்லை. ஜூலையில் ஒப்பந்தம், அக்டோபரில் சண்டை. யாரைப் பாதுகாக்கப் போனோமோ அவர்கள் ஊருக்குள்ளேயே துப்பாக்கியோடு சுற்றினோம். எங்கள் பக்கம் ஆயிரத்துக்கும் மேல் போனார்கள். கண்ணிவெடியில் போனவனைப் போர்வையில் கூட்டிக் கட்டித் தூக்கியிருக்கிறேன். அதைத் தூக்கினவன் மனம் அடுத்த ஊருக்குள் நுழையும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சுபேதார் சாப் ஒருவர் இருந்தார், கொடகுக்காரர். ஒரு நாள் வெடியில் எங்கள் செக்‌ஷனில் மூன்று பேர் போய்விட்டார்கள். பக்கத்து ஊரைச் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவர் எங்களை அனுப்பவே இல்லை. ரோட்டோரம் உட்கார வைத்து டீ போடச் சொல்லிவிட்டு வேறு செக்‌ஷனை அனுப்பினார். நாங்கள் கத்தினோம். "ஆள் போன செக்‌ஷன் இன்றைக்கு எந்த வீட்டுக்குள்ளும் போகக் கூடாது" என்று அத்தோடு முடித்துவிட்டார். சட்டப் புத்தகம் எதையும் அவர் காட்டவில்லை. ஆளின் கை நடுக்கம் தெரிந்த மனுஷன்.

எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் இருக்கவில்லை. 1987 அக்டோபர் 21, தீபாவளி அன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். டாக்டர், நர்ஸ், நோயாளி என்று 60 பேருக்கு மேல். நான் அங்கே இல்லை. இரண்டு பக்கச் சண்டையில் சிக்கிச் செத்தார்கள் என்று விளக்கம் சொன்னார்கள். கட்டிலில் கிடந்தவன் எந்தப் பக்கம் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னையில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்க வரவில்லை. அன்றைக்கு எனக்கு அவர் மேல் ஆத்திரம். இன்றைக்கு இல்லை.

செல்லூர்த் தறி:

எல்லாரும் போர் வேண்டாம் என்கிற பக்கமே சாய்கிறீர்கள். 1971ஐ என்ன செய்வீர்கள்?

எங்கள் பெரியப்பா கிழக்கு வங்காளத்தில், இன்றைய வங்கதேசத்தில், சண்டை போட்டவர். அந்தப் பக்கமிருந்து 1 கோடி பேர் எல்லை தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். மார்ச்சில் தொடங்கி ஊர் ஊராகக் கொன்றுகொண்டிருந்தான் பாகிஸ்தான் ராணுவத்தான். பேச்சுவார்த்தை, ஐ.நா., கடிதம் எல்லாம் நடந்தது. எதுவும் அவன் கையைப் பிடிக்கவில்லை. டிசம்பரில் நாம் இறங்கிப் பதிமூன்று நாளில் முடித்தோம். இறங்காமல் இருந்திருந்தால் நம் கை சுத்தம் என்று பெருமைப்பட்டிருக்கலாம், அங்கே சாகிறவன் செத்துக்கொண்டே இருந்திருப்பான். அகிம்சை பேசுகிறவர்கள் இந்தக் கணக்குக்கு எனக்குப் பதில் சொன்னதே இல்லை.

சரி, பெரியப்பா சொன்னதை எழுதுகிறேன். 93,000 பேர் சரணடைந்தார்களே, அவர்களில் ஒரு பகுதியை வடக்கே ஒரு முகாமில் காவல் காக்கிற வேலை அவருக்கு. போகும் வழியில் எரிந்த கிராமங்களைப் பார்த்துவிட்டுப் போனவர். கைதிகளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருமாம். ஆனால் ஜெனீவா ஒப்பந்தப்படி ரேஷன், சோப்பு, வீட்டுக்குக் கடிதம் எழுதத் தாள் எல்லாம் கொடுத்தாக வேண்டும். ஒரு கைதி, பெரியப்பா வயசுதான், மகள் பிறந்த செய்தி வந்த கடிதத்தை அவரிடமே காட்டி இனிப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறான். பெரியப்பா கேன்டீனில் வெல்லம் வாங்கிக் கொடுத்தாராம். "அவன் அங்கே என்ன பண்ணிட்டு வந்தானோ, எனக்குத் தெரியாதுடா. கேட்கவும் முடியாது" என்று சொன்னார்.

1974க்குள் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போர்க்குற்றத்துக்கு விசாரிக்க வேண்டும் என்று வங்கதேசம் 195 பேரைத் தனியாகக் குறித்து வைத்திருந்தது. அவர்களையும் விசாரிக்காமலே அனுப்பினார்கள். பெரியப்பாவுக்குப் போர் போட்டதில் வருத்தமே கிடையாது. அந்த 195 பேர் விஷயத்தில்தான் கடைசிவரை புலம்பிக்கொண்டிருந்தார்.

வில்லாபுரத்துக்காரன்:

செல்லூர்க்காரரே, யாரும் அந்தப் பக்கம் மட்டும் சாயவில்லை. 1971 இல் இறங்கியது சரி என்றே நானும் நினைக்கிறேன். இறங்கியது சரி என்பதை வைத்துக்கொண்டு உள்ளே போய் நடந்தது எல்லாமே சரி என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான். உங்கள் பெரியப்பாவும் சிப்பாய் ஐயாவும் அந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

தமிழம்மா, திருமங்கலம்:

நான் மேல்நிலை வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். புறநானூற்றில் ஒன்பதாம் பாட்டு, நெட்டிமையார் பாடியது. நம் பாண்டியன்தான், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. படையெடுக்கும் முன்னால், பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை இல்லாதவர்கள் எல்லாரும் காவலான இடத்துக்குப் போய்விடுங்கள், எங்கள் அம்பு வரப்போகிறது என்று அறிவிப்பானாம். உலகத்துக்கே போரில் அறம் சொன்ன மண் இது என்று வழக்கமாக இந்த இடத்தில் குரலை உயர்த்துவேன்.

உச்சப்பட்டி முகாமிலிருந்து வருகிற ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், போறதுக்கு இடம் இல்லாதவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டாள். யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இல்ல டீச்சர், எங்க அம்மம்மாவுக்கும் நோட்டீஸ் போட்டாங்களாம், பிளேனில இருந்து. இந்த இடத்துக்குப் போங்கன்னு. அங்க போனதும் அங்கயும் அடிச்சாங்களாம்." அந்தப் பிள்ளை பிறந்ததே இங்கேதான். பேச்சு மதுரைப் பேச்சு. அம்மம்மா என்ற ஒரு வார்த்தைதான் அந்தப் பக்கத்தது.

மணி அடிக்கும்வரை நான் வேறு எதுவும் நடத்தவில்லை. அடுத்த நாள் பதினைந்தாம் பாட்டை எழுதிக் கொண்டுபோனேன், அது பாடத்தில் இல்லை. அதே புலவர், அதே அரசன். பகைவர் ஊரில் தேர் ஓடிக் குழிந்த தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கினான், விளைந்த வயலில் தேரை ஓட்டினான், அவர்கள் காவல் காத்த குளத்தில் யானைகளை இறக்கினான் என்று நெட்டிமையார் பாடுகிறார். கண்டிக்கவில்லை, புகழ்கிறார். குடிதண்ணீரும் விளைச்சலும் போன ஊருக்கு, ஒன்பதாம் பாட்டில் எச்சரித்து அனுப்பிய அந்த நோயாளியும் பெண்ணும் திரும்பி வந்து எப்படிப் பிழைப்பார்கள் என்று பிள்ளைகளையே எழுதச் சொன்னேன்.

1977 இல் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்த்த முதல் நெறிமுறையில் இந்த இரண்டுமே இருக்கின்றன. பொதுமக்களுக்குப் பயன்படும்படி முன்கூட்டி எச்சரிக்க வேண்டும். பயிர், கால்நடை, குடிநீர் நிலைகளை அழிக்கக் கூடாது. எச்சரித்துவிட்டதால் மட்டும் அடிக்கிறவனுடைய பொறுப்பு தீர்ந்துவிடாது. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. சேர்ந்த நாடுகள் மட்டும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கேட்டால், அது வேறு கதை.

முதுகுடுமியை மட்டம் தட்டுகிறேன் என்று ஒரு பெற்றோர் போன் செய்து சண்டை பிடித்தார். மட்டம் தட்டவில்லை ஐயா. எச்சரிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே பெரிது. புலவர் ஒன்றை மட்டும் பாடிவிட்டு மற்றதை மறைக்கவில்லை. நான் ஏன் மறைக்க வேண்டும்?

மகால் தெரு:

தமிழம்மா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூக்கறுப்புப் போர் என்று எங்கள் தாத்தா ஒரு கதை சொல்வார். திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக வந்து, கண்ணில் பட்டவர் மூக்கையெல்லாம் மேலுதட்டோடு அறுத்து மூட்டை கட்டி அனுப்பியது. ஆண், பெண், பிள்ளை என்று பார்க்கவில்லை. சேசு சபைப் பாதிரிமார் கடிதங்களில் இது இருக்கிறது. தாத்தா இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவார். சேதுபதி உதவியோடு விரட்டிய பிறகு நாயக்கர் தம்பி மைசூருக்குள் போய் அங்கே உள்ளவர்கள் மூக்கை அறுத்ததை நான் வளர்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். தாத்தாவுக்கும் தெரிந்திருக்கும். அங்கே மூக்கு போன குடியானவன் இங்கே வந்து யார் மூக்கையும் அறுத்தவனாக இருக்க மாட்டான்.

மேலூர்ப் பேரன்:

எங்கள் தாத்தா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஜப்பான்காரன் வந்ததும் தோட்டம் முடங்கிப்போய்ச் சோற்றுக்கு வழியில்லை. மூன்று மாத வேலை, நல்ல கூலி, அரிசி உண்டு என்று கங்காணி மூலம் சொல்லி ரயிலில் ஏற்றினார்கள். இறங்கிய இடம் சயாம், இன்றைய தாய்லாந்து. மரண ரயில்பாதை என்று இப்போது சொல்கிறோமே, அது.

அது 415 கிலோமீட்டர். மலையும் காடும். பர்மாவுக்கு ஜப்பான் படைக்குச் சாமான் போக வழி வேண்டும் என்று ஒரு வருஷம் சொச்சத்தில் போட்டு முடித்தார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்து, 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். ஆசியக் கூலிகள் 2 லட்சம் பேர் வரை. தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர். செத்தவர்கள் கிட்டத்தட்ட 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் போட்டு வரிசையாகக் கல்லறை இருக்கிறது. நம் ஆட்கள் பெரும்பாலோருக்குக் கல்லே இல்லை.

தாத்தா அதிகம் பேச மாட்டார். காலராவைப் பற்றி மட்டும் சொல்வார். மழைக்காலத்தில் கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர். மூங்கில் பரணில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். காலையில் காவல்காரன் குச்சியால் ஒவ்வொருவர் காலிலும் தட்டிக்கொண்டு போவான். அசையாத காலைப் பிடித்து இழுத்துக் குழியில் போட வேண்டியது பக்கத்தில் படுத்தவன் வேலை. சில நேரம் கால் லேசாக அசைந்தாலும் இழுத்துப் போடச் சொல்வானாம். இதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தா தன் கால் பெருவிரலை ஆட்டிக்கொண்டே இருப்பார். அது அவருக்குத் தெரியாது.

அதே தாத்தா வீட்டில்தான் நேதாஜி படமும் மாட்டியிருந்தது.

பேரையூர் சிப்பாய்:

மேலூர்த் தம்பி, உங்கள் தாத்தா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், ஐ.என்.ஏ.வில், சேர்ந்தாரா? எங்கள் ஊரில் இரண்டு பேர் மலேயாவிலிருந்து அதில் சேர்ந்து வந்தவர்கள். ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் இருக்கவே சேர்ந்தேன் என்று ஒருவர் வெளிப்படையாகவே சொல்வார்.

அவனியாபுரம் டிரைவர்:

எனக்கு எழுத வராது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஏர்போர்ட்டில் வண்டி ஓட்டுகிறேன். கொழும்பு பிளைட்டில் கண் ஆபரேஷனுக்கு ஆட்கள் வருவார்கள். ஒரு தடவை ஒரு சிங்களக் குடும்பம், அநுராதபுரம் பக்கம். வந்தது அம்மாவுக்குக் கண் பார்க்க. கூட்டி வந்த மகனுக்கு ஒரு கால் கட்டைக்கால். வவுனியாவில் ஆர்மியில் இருந்தவர். தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவார். 2007 இல் மிதிவெடியில் கால் போனது.

மூன்று நாள் அவர்களுக்குத்தான் ஓட்டினேன். அவரே கேட்டார்: "நீங்க எல்லாம் எங்கள வெறுப்பா?" 2009 இல் மனிதச் சங்கிலியில் கத்திக்கொண்டு நின்றவன் நான். பதில் சொல்லாமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன், கடைசியில் அவ்வளவு சனம் செத்ததே, தெரியுமா என்று. "அப்ப நான் இல்ல, கால் போச்சு. இருந்தா நானும் அடிச்சிருப்பேன். ஆர்டர் வரும், நம்பர் வரும், அடிக்கணும். விழுற இடம் நாம பாக்க மாட்டோம்" என்றார். ஏன் சேர்ந்தீர்கள் என்றேன். வயலுக்குத் தண்ணி இல்லை, தங்கச்சி கல்யாணம் என்றார்.

மீனாட்சி கோயிலுக்குப் போகணும் என்றார்கள். செருப்பு வைக்கிற இடத்தில் நல்ல காலிலிருந்து ஷூவைக் கழற்றிவிட்டு, கட்டைக்கால் ஷூவையும் கழற்றணுமா என்று என்னைக் கேட்டார். எனக்கே தெரியவில்லை. செருப்பு வாங்குகிற அக்கா, "கழட்டிக் குடுங்கண்ணே, ரெண்டும் சேர்ந்தாத்தானே ஜோடி" என்று சொல்லி டோக்கன் கொடுத்தார்.

அவர் மேல் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அவரிடம் நம்பர் கொடுத்து அடிக்கச் சொன்னவன் மேல் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. நான் சொன்னது தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

செல்லூர்த் தறி:

தப்பில்லை டிரைவர் அண்ணே. ஆனால் ஆர்டர் வந்தது, அடித்தேன் என்று எல்லாரும் சொன்னால் யாரைத்தான் பிடிப்பது? மேலே இருப்பவன் அனுப்பினேன், அடிக்கவில்லை என்பான். கீழே இருப்பவன் அடித்தேன், அனுப்பவில்லை என்பான். அந்த 195 பேரும் அப்படித்தான் போனார்கள்.

நெல்பேட்டை:

இலங்கை பற்றி இவ்வளவு எழுதினீர்கள். ஒன்று விடுபட்டிருக்கிறது. அதையும் இங்கேயே வைத்துவிடுகிறேன்.

எங்கள் சம்பந்தி வீட்டு வழியில் ஒரு மாமி புத்தளத்தில் இருக்கிறார். நாகூருக்கு வந்தவர், ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கினார். பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணம் சோனகத் தெரு. ஒரு காதில் மட்டும் தோடு போட்டிருந்தார். மற்றக் காதின் மடல் இரண்டாகக் கிழிந்து தொங்கியது. என் மகள் சின்னப்பிள்ளை, என்ன மாமி இது என்று கேட்டுவிட்டாள்.

1990 அக்டோபர் கடைசி. இயக்கக்காரர்கள் ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டு வந்தார்கள்: முஸ்லிம்கள் எல்லாரும் இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டும். வெளியேறும் வழியில் நிறுத்தி நகையை வாங்கிக்கொண்டார்கள். மாமியின் தோட்டில் திருகு இறுகிக் கழற்ற வரவில்லை. வரிசை நிற்கிறது என்று ஒரு பையன் இழுத்துவிட்டான். மாமி சொன்னார், அந்தப் பையனைத் தெரியுமாம். அவர்கள் தெருவில் டியூஷனுக்கு வந்தவன். இழுத்துவிட்டு அவனும் பயந்துபோய்க் கையைப் பார்த்தானாம்.

வடக்கிலிருந்து மொத்தம் 70,000 பேருக்கு மேல் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். அதற்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் முன்னால் கிழக்கே காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

நான் மாமியிடம் வேறு விதமாகக் கேட்டேன். தமிழர்களுக்கு நடந்தது அநியாயம் இல்லையா என்று. "இல்லாம? எங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஆமி கொண்டு போனப்ப நானும்தானே அழுதன்" என்றார். அவர்கள் கேட்ட நியாயத்தை அவர் ஒரு நாளும் மறுக்கவில்லை. மதுரையில் ஈழம் பற்றிக் கூட்டம் போட்டால் நானும் போய் உட்காருவேன். ஆனால் அங்கே இந்தக் காதைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. பேசினால் எதிரிக்குச் சாதகமாகிவிடும் என்று ஒரு நண்பர் எனக்கே விளக்கம் சொன்னார். எதிரி என்றால் யார் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

வில்லாபுரத்துக்காரன்:

நெல்பேட்டை பாய், இதை எழுதியதற்கு நன்றி. யாராவது இதற்குக் கீழே வந்து "ஆனால்" என்று தொடங்கினால் அவர்களுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மேலூர்ப் பேரன்:

சிப்பாய் ஐயா, கேட்டீர்களே. தாத்தா சேரவில்லை. அவர் தம்பி சேர்ந்தார். சண்டையே அங்கேதான் தொடங்கியது.

ரயில்பாதை இணைந்தது 1943 அக்டோபர் நடுவில். நேதாஜி சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) அரசை அறிவித்தது அதே அக்டோபர் 21. சின்னத் தாத்தா சிங்கப்பூரில் கைதட்டிக்கொண்டிருந்த வாரம், பெரியவர் காட்டில் பிணம் இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு இடத்திலும் ஜப்பான்காரன்தான் இருந்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு சின்னவர்தான் படத்தை வாங்கி மாட்டினார். ஜனவரி 23 வந்தால் மாலை போடுவார். பெரியவர் படத்தைக் கழற்றச் சொல்ல மாட்டார், அன்றைக்கு வீட்டில் சாப்பிடவும் மாட்டார்.

"வெள்ளைக்காரனை அடிக்க எவன் துப்பாக்கி கொடுத்தாலும் வாங்குவேன்" என்பார் சின்னவர். "கொடுத்தவன் உன் அண்ணனை என்ன பண்ணுனான்னு கேட்டியா?" என்பார் பெரியவர். கேட்டிருந்தால் சுதந்திரம் வந்திருக்காது என்பார் இவர். கேட்காததால்தான் இத்தனை பேர் செத்தான் என்பார் அவர். சின்னவருக்குத் தியாகி பென்ஷன் வந்தது, தியாகி என்று பஸ் பாஸும் வந்தது. பெரியவருக்கு எந்த நாட்டிலிருந்தும் ஒரு பைசா வரவில்லை. எங்கே போய் என்ன சான்று கேட்பது? கங்காணி ரசீதா கொடுத்தான்?

இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சண்டையை இப்போது நானும் சின்னத் தாத்தா பேரனும் போட்டுக்கொண்டிருக்கிறோம். நேதாஜிக்கு வேறு வழி இருந்ததா சொல்லு என்று அவன் கேட்கிறான். வழி இல்லாமல் இருந்திருக்கலாம், அதற்காக ரயில்பாதையைப் பற்றி வாய் திறக்காமல் இருந்திருக்க வேண்டுமா என்று நான் கேட்கிறேன். அவனையும் இங்கே எழுதச் சொல்லியிருக்கிறேன். என்னைத் திட்டித்தான் எழுதுவான், பரவாயில்லை.